ஃபுல் டேங்க் மரியாதை

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, வெயில் ஏறுவதற்குள், என் அண்ணன் மகள் பவித்ரா என் கண்ணெதிரே வண்டியோடு மண்ணில் விழுந்தாள்.

நாளைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு அடுத்த ஞாயிறு. நாள் தவறினால் எனக்குச் சோறு இறங்காது என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

இடம், கரையாம்புத்தூர் பக்கம் சவுக்கு வெட்டிய ஒரு கொல்லை. வேரைப் பிடுங்கிவிட்டு அடுத்த நடவுக்காகச் சும்மா கிடக்கும் மணல் நிலம். மேடு, பள்ளம், குறுக்கே ஒரு காய்ந்த வாய்க்கால். "பயிர் வெக்கிற வரைக்கும் ஓட்டிக்குங்கப்பா" என்று நிலத்துக்காரர் விட்டுவைத்திருக்கிறார். அங்கேதான் நாங்கள் சிலர் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளை மண்ணில் ஓட்டுவதற்கென்று மாற்றியமைத்து, ஞாயிறுதோறும் போய்... எதற்கு? இந்தக் கேள்வியை என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். நீங்கள் வேறு கேட்காதீர்கள்.

பவித்ரா மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். எஞ்சின் முழு வேகத்தில் வீறிட்டது. சட்டென்று சத்தம் நின்றது. பின் சக்கரம் சுழலாமல் அப்படியே இழுபட்டது. வண்டி குறுக்கே திரும்பியது. அவ்வளவுதான்.

ஹெல்மெட் காப்பாற்றியது. முழங்கால் கவசமும் காப்பாற்றியது. வலது முழங்கைதான் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று பிறகு எக்ஸ்ரே சொன்னது. ஓடிப் போய்த் தூக்கினேன். எழுந்து உட்கார்ந்தவள் கேட்ட முதல் கேள்வி —

"வண்டிக்கு இன்னா ஆச்சு சித்தப்பா?"

பவித்ரா அரியூர் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். அந்த வண்டியை யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். வாங்கி வந்து, வீடியோ பார்த்துப் பார்த்து அவளே மாற்றினாள். முன்பக்கம் உயரம் ஏற்றினாள். மண்ணைக் கவ்வ, பொத்தான் பொத்தானாகப் புடைத்த டயர் போட்டாள். வாய்க்காலில் தண்ணீர் புகாமல் இருக்க சைலன்சரை மேலே தூக்கினாள். இதெல்லாம் சட்டப்படி எந்த அளவுக்குச் சரி என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். மூலக்குளத்தில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் அந்த வண்டியை இரண்டு தடவை பார்க்கிறார் — அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் செய்த இன்னொரு மாற்றம்தான் இந்த வாரத்து விஷயம்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உராய்ந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். வண்டியிலேயே ஆயிலுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்க் உண்டு. ஒரு குட்டிப் பம்ப் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும். மண்ணில் விழுந்து எழும் வண்டியில் அந்தப் பம்ப்பை நம்ப முடியாது என்று பவித்ரா அதைக் கழற்றி எறிந்துவிட்டாள். அதற்குப் பதில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவாள். லேப் புத்தி! மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழாயால் அளந்துதான் கலப்பாள்.

ஆயில் டேங்க் மட்டும் அப்படியே இருந்தது. கலப்பதற்கான ஆயிலை அதில்தான் சேமித்து வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் கம்பெனியில் செய்தபடியே இருப்பதாகத் தோன்றும்.

இப்போது இளங்கோவைச் சொல்ல வேண்டும்.

இளங்கோ, பவித்ராவுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை. பாகூர் பக்கம். நெல், கரும்பு, சொந்த டிராக்டர். என் அண்ணன் இல்லாததால் இந்தச் சம்பந்தத்தைப் பேசும் பொறுப்பு என் தலையில். பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசவிட்டோம். பவித்ரா போட்ட ஒரே நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வண்டி ஓட்டுவேன் என்பது. அவன் கேட்டது, "எனக்கு ஒரு தடவ ஓட்டக் குடுப்பியா?" அதிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று என்று நினைக்கிறேன்.

அவனுடைய அம்மாவுக்கு இந்தக் கொல்லை விவகாரமெல்லாம் தெரியாது. "வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வச்சிருக்கா" என்று எங்கள் அண்ணி அழகாகச் சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அவள் விழுவதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, இளங்கோ வண்டியை வாங்கிப் போனான். சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தான். கழுவித் துடைத்து, செயினுக்கு ஆயில் விட்டு, வில்லியனூர் பங்க்கில் ஃபுல் டேங்க் பெட்ரோல் அடித்து.

நம் வீடுகளில் குழம்பு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம் அல்லவா? ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். இரவல் வாங்கிய வண்டிக்கும் அதே மரியாதைதான். அண்ணி பூரித்துப் போனார்.

"பாத்தியாடி, டேங்க்க ரொப்பிக் குடுத்துருக்காரு! இப்பிடி ஒரு புள்ள கெடைக்குமா?"

மறுநாள் காலையில் பவித்ரா வண்டியைக் கிளப்பியபோது அண்ணி இன்னும் பூரித்தார். "இன்னிக்கு அந்தப் புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. மாப்ள கை பட்டதும் வண்டியே திருந்திடுச்சி."

டூ-ஸ்ட்ரோக்கில் புகை இல்லையென்றால் ஆயில் இல்லை என்று அர்த்தம். பவித்ரா அப்போது வாசலில் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சுபம்.

வண்டியை வில்லியனூர் மெக்கானிக் ஒருவரிடம் ஏற்றிக்கொண்டு போனோம். அவருக்கு வாய் ஓயாது. "முறுக்கோ முறுக்குன்னு முறுக்குனா இப்பிடித்தான். கோலப்பொடி போடற கைக்கு இது எதுக்கும்மா?" என்று ஆரம்பித்தார். பவித்ரா பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து விரலை நனைத்தாள். கட்டை விரலால் தேய்த்தாள். வழவழப்பே இல்லை. ஊதியதும் காய்ந்துவிட்டது.

"வெறும் பெட்ரோலு" என்றாள்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் மெக்கானிக்.

வீட்டுக்குத் திரும்பியதும் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

அண்ணி தெளிவாக இருந்தார். மாப்பிள்ளையிடம் மூச்சு விடக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்த பிள்ளைமேல் பழி போட்டால் மனசு கசந்துவிடும். பெண் கொல்லையில் விழுந்தாள் என்று அவன் அம்மா காதுக்குப் போனால் சம்பந்தமே நின்றுவிடும். வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சொன்னால் போதும்.

நான் யார் பக்கம் நின்றேன்? அண்ணி பக்கம்தான். வைகாசியில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொண்டு எவன் பிஸ்டனைப் பற்றிப் பேசுவான்?

பவித்ரா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப சொல்லலன்னா அவுரு ஆயுசு பூரா ரொப்பிக் குடுத்துட்டே இருப்பாரு. நான் வுழுந்துட்டே இருப்பேன். பரவால்லியா சித்தப்பா?"

கடைசியில் ஒரு சமரசம் — ஃபோனில் சொல்வதில்லை, அவன் நேரில் வரும்போது சொல்வது. அந்த வாரம் முழுக்க அவன் கூப்பிடும்போதெல்லாம் வண்டி சர்வீசில் இருந்தது.

போன ஞாயிறு இளங்கோ வந்தான். அண்ணி பவித்ராவுக்கு முழுக்கைச் சுடிதார் மாட்டிவிட்டு, முழங்கைக் கட்டை மறைத்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். காபி வந்தது. பவித்ரா உள்ளே போய், மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பிஸ்டனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. அவள் கையையே பார்த்தான்.

"ஏன் எடது கையில குடுக்கற?"

யாருக்கும் இடது கையால் எதையும் தராத பெண்.

"வலது கை மடங்கல" என்றாள் பவித்ரா. எல்லாவற்றையும் சொன்னாள். புகை, மேடு, வெறும் பெட்ரோல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "உங்க ஃபுல் டேங்க்குதான் இது" என்று பிஸ்டனை அவன்முன் வைத்தாள். பக்கமெல்லாம் நகத்தால் பிறாண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது.

இளங்கோவின் முகம் சிவந்துவிட்டது.

"நான் பாத்தனே! பெட்ரோல் போடறதுக்கு முன்னாடி ஆயில் டேங்க்க தெறந்து பாத்தேன். ரொம்பி இருந்துச்சி."

"அது ஸ்டாக். எஞ்சினுக்குப் போவாது. பம்ப்ப நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் விடவில்லை.

"கிளட்ச்ச இப்பிடி வுடு, மேட்டுல நின்னுகிட்டு ஓட்டுன்னு அரமணி நேரம் பாடம் எடுத்த. இத சொன்னியா?"

"சொல்லல" என்றாள் பவித்ரா. குரல் இறங்கியிருந்தது.

அவன் சொன்னது நியாயம்தான். ஒன்றை மாற்றியவருக்கு மட்டும்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் லைட் எரியும். எங்களுக்குப் பழகிவிட்டது. வருகிற விருந்தாளி இருட்டில் திண்டாடுவார், நாங்கள் சிரிப்போம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் கழற்றி எறிந்த பம்ப்புகள் எத்தனை! அங்கே புதிதாக நுழைகிறவர் கண்ணில் தெரிவதை நம்பித்தானே நடந்துகொள்ள முடியும்?

ஆனால் இளங்கோவின் கோபம் அதோடு நிற்கவில்லை.

"வுழுந்து ஒரு வாரம் ஆவுது. டெய்லி ஃபோன்ல பேசறேன். சர்வீஸ், சர்வீஸ்... உனுக்கு அடிபட்டுச்சின்னு சொல்ல ஆளே இல்லியா?" என்னிடம் திரும்பினான். "நீங்களாவது சொல்லக் கூடாதா மாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணிதான் வாயைத் திறந்தார். "இல்ல மாப்ள... உங்க அம்மா இன்னா நெனப்பாங்களோன்னு நான்தான்..."

அவன் ஃபோனை எடுத்தான். அண்ணி சுவரில் சாய்ந்துவிட்டார்.

"யம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பவித்ரா வண்டிய வாங்கினு வந்தேன் இல்ல, அதுல ஆயில் கலக்காம பெட்ரோல் ஊத்திட்டேன். கொல்லையில ஓட்டறப்ப எஞ்சின் புடிச்சி, வுழுந்துட்டா. கையில அடி."

அந்த அம்மாவுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. பாகூரில் பேசினால் வில்லியனூரில் கேட்கும்.

"கொல்லையில எதுக்குடா பொண்ணு வண்டி ஓட்டுது?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்குன்னே மாத்தி வச்ச வண்டிம்மா. ஞாயித்துக்கெழம ஓட்டுவா. எனக்கு மொதல்லயே தெரியும்."

அந்த அம்மாவின் குரல் இன்னும் ஏறியது —

"ஏன்டா, ஒருத்தர் பொருள வாங்குனா அத எப்பிடி வச்சிக்கணும்னு கேட்டுக்கினு வர மாட்டியா? நல்ல வேள, கையோட போச்சி. ஃபோன பொண்ணுகிட்ட குடு."

பவித்ரா வாங்கினாள். "சொல்லுங்க அத்தை."

"கை எப்பிடிம்மா இருக்குது?"

"தோலுதான் அத்தை. எலும்புக்கு ஒண்ணும் இல்ல."

"நிச்சயத்துக்குள்ள ஆறிடுமா? வளையல் அளவு எடுக்க வரணுமே."

"ஆறிடும் அத்தை."

"சரி. கொல்லையில ஓட்டற கதைய நேர்ல பேசிக்கலாம்."

அந்த 'நேர்ல பேசிக்கலாம்' இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. ஆனால் மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் அவர் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கெட்ட எண்ணத்தோடு செய்தவனிடம் "உன்னால்தான்" என்று சொல்வது சுலபம். நல்ல எண்ணத்தோடு செய்தவனிடம் அதைச் சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. மனசு நோகுமே என்று விழுங்கிவிடுகிறோம். அவனும் அடுத்த முறை அதே அன்போடு அதே தப்பைச் செய்கிறான். எத்தனை குடும்பங்களில் இப்படியே முப்பது வருடம் ஓடியிருக்கிறது!

அன்று சாயங்காலம்வரை இருவரும் சண்டை போட்டார்கள். நீ சொல்லியிருக்கணும், நீங்க கேட்டிருக்கணும் என்று. பெண் பார்த்த நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. பழைய வண்டி என்பதால் புது பிஸ்டன் இன்னும் கிடைத்தபாடில்லை. இரண்டில் எதற்காக அதிகம் காத்திருக்கிறாய் என்று பவித்ராவிடம் கேட்டேன்... மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கக் கூடாது.