ஆர்டர் கிடைத்தது

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மாலை கட்டி விற்கும் ஓர் அக்காவுக்கு நான்தான் இணையதளம் செய்து கொடுத்தேன். ஒரு வேலை முடியும்வரை சும்மா நிற்காமல் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடும் அசிங்க் வகை நிரல். கோப்பிக் கடையில் தண்ணீர் கொதிப்பதற்குள் அடுத்த மேசையில் ஆர்டர் எடுப்பார்களே, அப்படி. கட்டாயம் காத்திருக்க வேண்டிய வரியில் மட்டும் ‘அவெயிட்’ என்று ஒரு சொல் போட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அலுவலகத்தில் பீற்றிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு காலையில் கடைக்குப் போனபோது, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா படபடப்பாக நின்றிருந்தார். இன்னும் சற்று நேரத்தில் கோயிலில் அவர் மகளுக்குக் கல்யாணம். இணையதளத்தில் கல்யாண மாலை சொல்லியிருந்தாராம். கடையில் அப்படி ஓர் ஆர்டரே இல்லை.

“தம்பி, நீங்களே பாத்துச் சொல்லுங்க லா,” என்றார் அக்கா.

போனில் பார்த்தேன். அந்த அம்மா பெயரில் எதுவும் பதிவாகவில்லை. “நீங்க ஆர்டரே பண்ணலை ஆன்ட்டி. கடைசி பட்டன அமுத்தாம விட்டிருப்பீங்க,” என்றேன். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.

“ஆர்டர் கிடைத்ததுன்னு வந்துச்சே தம்பி.”

“வந்திருக்காது. சிஸ்டம் பொய் சொல்லாது.”

அவர் முகம் வாடிவிட்டது. அக்கா மிச்சமிருந்த பூவை அள்ளிப்போட்டு அவசர அவசரமாக இரண்டு மாலை கட்ட உட்கார்ந்தார். அவர் கட்டி முடிப்பதற்குள் என் கட்சியை நிரூபித்துவிடலாம் என்று நான் மடிக்கணினியைத் திறந்தேன். எவ்வளவு கொழுப்பு எனக்கு!

கல்யாண மாலைப் பக்கம் அந்த வாரம்தான் நான் புதிதாகச் சேர்த்தது. அதில் முதல் ஆர்டர் இந்த அம்மாவுடையது. ஆர்டரைச் சேமிக்கும் வரியில் அவெயிட் இல்லை. நான் போட மறந்திருந்தேன். இந்த நிரலில் அந்தச் சொல் இல்லாவிட்டால் அந்த வேலை தொடங்கவே தொடங்காது; அதனால் ஆர்டர் சேமிக்கப்படவே இல்லை. அதற்கு அடுத்த வரி மட்டும் தன்பாட்டுக்கு ‘ஆர்டர் கிடைத்தது’ என்று அவருக்குக் காட்டியிருக்கிறது. அவமானத்தில் தலை நிமிர முடியவில்லை.

மாலை தயாரானது. கல்யாண மாலைக்கு உரிய கனம் இல்லை. பூவும் ஒரே நிறமாக இல்லை. அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“சாரி தம்பி. எனக்கு இதெல்லாம் சரியா வராது. நான்தான் தப்பா அமுத்திட்டேன் போல.”

அவெயிட் இல்லாத அந்த வரி என் கண்ணெதிரே திரையில் இருந்தது. அக்காவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவாயில்ல ஆன்ட்டி,” என்றேன். “அடுத்த தடவை பாத்து செய்ங்க.”