வால்வு சாவி அண்ணி

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் கோணிக்கொள்ளும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவள் வேலை. அண்ணன் செத்த பிறகு அவளுக்குக் கிடைத்தது. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள், வால்வுக் குழியில் இறக்கி ஒன்பது மணிக்குத் திறப்பாள், பத்து மணிக்கு மூடுவாள். ஒரு நிமிடம் கூட்டித் தரமாட்டாள்.

"தொட்டி பொதுதானே? கடைசித் தெருக்காரங்களுக்குத் தாகமே எடுக்காதா?" என்பாள். பெரிய மகாராணி என்று நினைப்பு.

இது போதாதென்று ஒரு சட்டம் வேறு போட்டாள். பள்ளிக்கூட நேரத்தில் பெண்பிள்ளை குடத்தோடு வந்து நின்றால் வால்வை மூடிவிடுவாள். அந்தப் பிள்ளை போனால்தான் திறப்பாள். அதுவரை வரிசையே அந்தப் பிள்ளையின் அம்மாவைத் திட்டித் தீர்க்கும். தான் ஐந்தாம் வகுப்போடு நின்ற வயிற்றெரிச்சலை ஊர்மேல் கொட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் எட்டரைக்கே தையல் கம்பெனிக்கு ஓட வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் பத்தாவது படிக்கும் என் மகளைத்தான் குடத்தோடு அனுப்பினேன். அவளையும் விரட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் சாயங்காலம் அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எம் பொண்ண நாலு பேர் முன்னாடி விரட்ட நீ யாரு? தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அண்ணி சாவியில் கிரீஸ் தடவிக்கொண்டே, "உன் புருஷன் வீட்லதானே தூங்கறாரு? கையக் கட்டியா போட்டிருக்கு? அவர அனுப்பு" என்றாள்.

"அவரு நைட் டூட்டி பாத்துட்டு வந்து படுக்கறாரு!"

"அவ இன்னும் பத்து நாள் லீவு போட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்க. தெரியுமா உனக்கு?"

தெரியாது. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா!" என்று கத்தினேன். திரும்பினால் என் மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெரு கூடியது. அண்ணியை வேலையை விட்டுத் தூக்க மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. யார் எழுதுவது? பெரியவர்கள் எல்லாம் கைநாட்டு. பஸ் நம்பரைக் கண்டுபிடிப்பதோடு எங்கள் படிப்பு சரி. என் மகளையே உட்கார வைத்தோம். "திமிர் பிடிச்சவன்னு போடு. பிள்ளைங்கள விரட்டறான்னு போடு. உடனே தூக்கணும்னு போடு" என்று நான் சொல்லச் சொல்ல, அவள் தலை நிமிராமல் எழுதினாள். படித்தும் காட்டினாள். முதல் ரேகை என்னுடையது. மொத்தம் நாற்பத்து மூன்று.

"பாத்தீங்களா, எம் பொண்ணு எழுத்து முத்து முத்தா இருக்கு!" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து பேர் தண்ணீர் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"நியாயமான கோரிக்கைதாம்மா" என்று சொல்லிவிட்டு மனுவைச் சத்தமாகப் படித்தார். "ஒன்பது மணிக்குத் தண்ணீர் விடுவதால் எங்கள் தெருவில் பதினொரு பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை. காலை ஆறு மணிக்கு விட வேண்டுகிறோம். தண்ணீர் திறப்பவரை மாற்ற வேண்டாம்."

மற்ற நாலு பேரும் என்னை முறைத்தார்கள்.

"அந்தம்மாவும் மூணு தடவ வந்து இதையேதான் கேட்டாங்க. தெருக்காரங்க எழுதிக் குடுத்தாத்தான் முடியும்னுட்டேன். நாளையிலருந்து ஆறு மணி."

எதில் ரேகை வைத்தோம் என்று தெரியாது என்பதை எந்த வாயால் சொல்வது? கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைப் பிடித்தேன். "ஏன்டி, ஒண்ண எழுதிட்டு வேற ஒண்ணப் படிச்சுக் காட்டினியா?"

"ஆமா. நாப்பத்து மூணு பேர்ல ஒருத்தருக்காச்சும் படிக்கத் தெரிஞ்சிருந்தா மாட்டியிருப்பேம்மா."

அடிக்கக் கை ஓங்கினேன். கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு நானே குடத்தோடு நின்றேன். அண்ணி சாவியைத் திருப்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.