போணிக்கு வாங்கிய பிரஷ்

என் கம்ப்யூட்டர் மேசையின் இழுப்பறையில் ஒரு சின்ன பிரஷ் கிடக்கிறது. பச்சைப் பிளாஸ்டிக் பிடி, கட்டைவிரல் நீளம். கீபோர்டின் இடுக்குகளில் சேரும் தூசியைத் தட்டுவதற்கானது. ஓரத்து முடிகள் உதிரத் தொடங்கிவிட்டன. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தை தவழும் வீட்டில் இதை வைத்திருக்கலாமா என்று எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைப்பேன். அங்கிருந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுபடியும் இழுப்பறைக்கே கொண்டுவருவேன். தூக்கிப்போட மட்டும் மனம் வந்ததில்லை. அது சிங்கப்பூர்ச் சாமான் என்பதற்காக அல்ல. அதை வாங்கியவர் முதலாளியம்மா.

திருமணத்துக்கு முன் சிங்காநல்லூரில் அவருடைய எம்பிராய்டரி பட்டறையில் வேலை செய்தேன். பள்ளிச் சீருடைகளில் வைக்கும் சின்னங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த ஃபிளாப்பியைச் செருகினால் மெஷின் தானாகத் தைக்கும். முதலாளியம்மா வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு கூலிக்குடும்பத்தில் பிறந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, தையல் கற்று, படிப்படியாக மேலே வந்தவர். பட்டறைப் பெண்களான எங்களைத் தவிர யாரிடமும் ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். காலையில் மெஷினைத் துடைக்கும்போது அதனிடம்கூட, “ஏனுங்க, இன்னைக்கு மக்கர் பண்ணாம ஓடுவீங்களா?” என்று கேட்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

பள்ளிகள் திறக்கச் சில வாரங்களே இருந்தபோது அந்த மெஷினின் ஃபிளாப்பி டிரைவ் செத்துப்போனது. அது பழைய ரகம். ரிப்பன் கேபிள் செருகும் வாய் மற்ற டிரைவ்களைவிடக் குறுகலாக இருக்கும். அந்த ரகம் இப்போது வருவதில்லை, கண்ட்ரோல் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஆகும் செலவுக்கு மெஷினையே விற்றுவிடலாம். மெஷின் போனால் பட்டறையும் போகும், எங்கள் வேலையும் போகும். சிங்கப்பூரில் இருந்த முதலாளியம்மாவின் தம்பி, அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் சந்தை இருப்பதாகவும், பழைய சாமான்கள்கூடக் கிடைக்கும் என்றும் ஃபோனில் சொன்னார். “எனக்கு இங்கிலீசும் வராது, அந்தச் சாமானும் தெரியாது. நீயும் வா கண்ணு” என்றார் முதலாளியம்மா. அப்பா சம்மதித்த பிறகும், தவறான சாமானை வாங்கிவிடுவேனோ என்று எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. செத்த டிரைவை ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அது பல மாடிச் சந்தை. தீப்பெட்டிகளை அடுக்கியதுபோலக் கடைகள். கயிற்றுக்கடையில் கயிறு தொங்குவதுபோல எங்கும் கேபிள்கள் தொங்கின. ஒவ்வொரு கடையிலும் துண்டைப் பிரித்துக் காட்டினேன். பளபளவென்று புது டிரைவ்களை எடுத்து நீட்டினார்கள். எதிலும் அந்தக் குறுகிய வாய் இல்லை. நான்தான் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறேனோ என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கால் ஓய்ந்தபோது, பழைய சாமான்கள் மலையாகக் குவிந்திருந்த ஒரு கடையில், கண்ணாடி போட்ட சீன அம்மாள் ஒருவர் எங்கள் டிரைவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கிடங்கில் ஒன்று இருந்த ஞாபகம், காலையில் கடை திறக்கும்போது வாருங்கள் என்றார். மறுநாள் மாலை எங்களுக்கு விமானம்.

காலையில் அவர் கடைக்கதவை மேலே தூக்கும்போதே போய்விட்டோம். ஆனால் முதலாளியம்மா எதிர்த்தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

“போலாங்களாம்மா?”

“இரு கண்ணு. மொதோ ஆளா உள்ள போயி, சாமான் சேராம வெறுங்கையோட வந்தா அந்தம்மாளுக்கு இன்னைக்குப் பொழப்பு என்னாகறது? ஆராச்சும் போணி பண்ணட்டும்.”

“சீனாக்காரங்களுக்கு ஏதுங்கம்மா போணி?”

“கடைன்னு ஒண்ணு இருந்தா போணி இல்லாமயா இருக்கும்?”

அப்போது ஓர் ஆள் விறுவிறுவென்று கடைக்குள் போனான். பழைய டிரைவ்கள் கிடந்த பெட்டியைக் கிளறினான். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். அது நமக்கென்று எடுத்து வைத்ததாக இருந்தால்? நல்ல வேளை, போட்டுவிட்டுப் போய்விட்டான். “பாத்தீங்களா, கொஞ்சத்துல தப்பிச்சோம்!” என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் கடையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கூரு மளிகைக்கடையில எங்கம்மாளும் இப்படித்தான் நிப்பாங்க. எங்க ஆளுக கையில போணியானா அன்னைக்கு யாவாரமே ஆகாதும்பாங்க. பெரிய ஊட்டுக்காரங்க ஆராச்சும் வந்து வாங்கற வரைக்கும் வெயில்ல நிக்கோணும். உப்பு வாங்கறதுன்னாலும் அப்படித்தான். நானும் அவங்க சீலையப் புடிச்சுட்டு நிப்பேன். இப்ப ஆரும் சொல்லறதில்ல. ஆனா கால் தானா நின்னுக்குது கண்ணு.”

அவருடைய ‘ங்க’வை அதுவரை ஊர் வழக்கம் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அதற்குள் கடைக்கார அம்மாளே வெளியே வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முதல் ஆள் வாங்காமல் போனால் உங்கள் வியாபாரம் கெட்டுவிடும் என்று இவர் தயங்குகிறார் என்றேன் ஆங்கிலத்தில். மற்றதைச் சொல்வது சரியாக இருக்குமா என்று தெரியவில்லை, சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எங்களுக்கும் அப்படித்தான், முதலில் வாங்குகிறவர்தான் எனக்கு அதிர்ஷ்டம், அந்த ஆள் கெடுத்துவிட்டுப் போன காலையை நீங்கள் வந்து சரிசெய்யுங்கள் என்று முதலாளியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

முதலாளியம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். டிரைவ் சேருமோ சேராதோ, போணி போணியாகட்டும் என்று கண்ணில் பட்ட இந்த பிரஷை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டை நீட்டினார். கடைக்கார அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு அதிர்ஷ்டம் எல்லாவற்றிலும் ஒட்டட்டும் என்று அந்த நோட்டால் கடையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். மானிட்டர்கள், பிரிண்டர்கள், கேபிள் சுருள்கள், மேல்தட்டுப் பெட்டிகள், ஒன்றையும் விடவில்லை. எட்டாததை எக்கித் தட்டினார். முதலாளியம்மா அந்த நோட்டு போன இடமெல்லாம் கண்ணால் பின்தொடர்ந்தார்.

“எங்காசுங்க அது” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு கிடங்கிலிருந்து டிரைவ் வந்தது. கேபிள் செருகும் வாய் எங்களுடையதோடு அச்சாகப் பொருந்தியது.

“சேருமா கண்ணு?”

“சேரும்னு நெனைக்கறேங்கம்மா. ஆனா ஓடுமான்னு ஊருக்குப் போய்த்தான்...”

“போதும், போதும். மாட்டையே பல்லப் பாத்துத்தான வாங்கறோம்.”

விமானத்திலும் ரயிலிலும் அதை மடியிலேயே வைத்திருந்தேன். பட்டறையில் பொருத்தி ஃபிளாப்பியைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. ஊசி இறங்கி ஒரு குத்துவிளக்குச் சின்னத்தின் அடிப்பாகத்தைத் தைக்க ஆரம்பித்தது. முதலாளியம்மா மெஷினைப் பார்த்து, “வாங்க, வாங்க” என்றார். அன்று யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சத்தமாகவே சிரித்தோம்.

நான் திருமணமாகிப் புறப்பட்டபோது இந்த பிரஷை என்னிடம் கொடுத்துவிட்டார். குழந்தை பிறந்த பிறகு, விட்டுவிட்டு வேலைக்குப் போவதா, போகாமல் இருப்பதா என்று பல மாதம் குழம்பினேன். கடைசியில் துடியலூர் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சின்னங்கள் வரைந்து கொடுப்பதென்று முடிவாயிற்று. அதிலும் சரியாகத்தான் செய்கிறேனா என்று சந்தேகம். போன வாரம் அதைத் தொடங்கிய நாளன்று காலை நேரத்திலேயே கேட் சத்தம் கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சிங்காநல்லூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார் முதலாளியம்மா. வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, கடை தொறந்தாச்சுங்களா? போணிக்கு வந்திருக்கறேன்.”

“உங்ககிட்டப் போயி எப்படிங்கம்மா காசு...”

“போணி ஓசில ஆகாது அம்மணி. புடி.”

குழந்தையை அவர் மடியில் விட்டு, இரண்டு கையாலும் நோட்டை வாங்கினேன். மானிட்டரைத் தட்டினேன். கீபோர்டை, ஃபிளாப்பிப் பெட்டியை, இழுப்பறையைத் திறந்து இந்த பிரஷை. கடைசியாகக் குழந்தையின் பிஞ்சுக் கையையும் தொட்டேன். அவள் நோட்டைக் கப்பென்று பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். எத்தனை பேர் கைபட்ட நோட்டோ என்று பதறிப் பிடுங்கப் போனேன்.

“உடு கண்ணு” என்றார் முதலாளியம்மா. “நல்ல கைதான்.”