சம்பந்தி கை வைத்த நெஞ்சு

பெண்ணைக் கொடுத்தவள் சம்பந்திக்கு எதிரே நிற்கக் கூடாது, கதவோரமாக நின்று நாலு வார்த்தை பேசினால் போதும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மகள் கல்யாணமாகி விஸ்வநத்தம் போன பிறகும், அவள் மாமனாரிடம் நான் பேசியதெல்லாம் "வாங்கண்ணே", "சாப்பிட்டீகளாண்ணே" இரண்டும்தான்.

அந்த மனுசன்தான் என் நெஞ்சில் கை வைத்து அமுக்கினார்.

மகள் மாசமாக இருந்தாள். பார்க்கப் போன இடத்தில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டுவிட்டேன். அதுவரைதான் எனக்கு நினைவு. மிச்சமெல்லாம் மகள் சொல்லிக் கேட்டது. சம்பந்தி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று அங்கே பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கரண்டை நிறுத்தினார், எனக்கு மூச்சில்லை என்றதும் மண்டி போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வலிப்பு என்று நினைத்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். அவர் அமுக்க அமுக்க என் முந்தானை நழுவ, அவர் வீட்டம்மா அதை இழுத்து இழுத்து அவர் கை மேலேயே மூடியிருக்கிறார்.

"சேலைய விடுடி! உசுரு போய்க்கிட்டிருக்கு, மானத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கே!"

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது விலா எலும்பு ஒன்று முறிந்திருந்தது. வலி தெரிவதற்கு முன்னால் என் கை முந்தானையைத்தான் தேடியது. 'தலை இருந்தா உப்பு வித்தும் தின்னலாம்' என்று ஊருக்கெல்லாம் சொலவடை சொல்லுகிறவள் நான்.

விருதுநகரில் என் வீட்டில்தான் பேத்தி பிறந்தாள். சம்பந்தி பார்க்க வரவில்லை. நானும் வாங்க என்று சொல்லவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வெக்கப்பட்டே என்னைய நடுத்தெருவுல நிப்பாட்டிருவீக போல" என்று மகள் அழுதாள். தொட்டில் போடும் நாளில் மாமனார் இல்லையென்றால் ஊர் அவளைத்தானே பேசும்?

அன்றைக்கு வந்தார். வந்தவர் படியேறாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

நான் கதவைத் தாண்டிப் போனேன். கும்பிட்டு நன்றி சொல்லத்தான் போனேன். வந்தது வேறு.

"அண்ணே, கைப்பிள்ளைக்கும் அப்படித்தான் அமுக்கணுமா?"

அவர் தரையைப் பார்த்தபடியே, "அய்யய்யோ, கைப்பிள்ளைக்கு ரெண்டு விரலு போதும், நெஞ்சுக்கு நடுவுல. கொஞ்சம் வளந்த பிள்ளைன்னா ஒத்தக் கை. நம்ம மாதிரி பெரியாளுகளுக்குத்தான்..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

"அதையும் காட்டுங்கண்ணே."

உள்ளே வந்தார். தலையணையைத் தரையில் போட்டு, கைமேல் கை வைத்து, முழங்கை மடங்காமல் அமுக்கினார். பஞ்சு தரையைத் தொட்டது. இம்புட்டு ஆழமாகவா என் மேல், இத்தனை பேர் பார்க்க, என்று எனக்குக் காது சுட்டது. அடுத்து நான் அமுக்கினேன்.

"என்ன தங்கச்சி, பிச்சிப்பூவா பறிக்கீக? நல்லா அமுக்குங்க!"

அடுப்படியில் சிரிப்புக் கேட்டது. பலம் கொடுத்து அமுக்கியதும் முந்தானை நழுவியது. அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி அமுக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆனால் பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். நான்தான் ஊற்றினேன்.