அக்கா வளர்த்த பொத்தான்

குவைத்தில் பெரிய வீடுகளின் கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது அக்கா வீட்டுக்காரர் யூசுப் மச்சானுக்கு வேலை. லீவில் வந்தவர் பரங்கிப்பேட்டை வீட்டுக் கூடத்திலும் ஒரு தொட்டியை வைத்துவிட்டுப் போனார். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, அதை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சண்டைக்கே போனேன். உப்பளவு பார்ப்பது, விளக்குப் போடுவது எல்லாம் என் அக்கா மெகருன்னிசா தலையில் விழுந்தது.

மூன்றாம் மாதம் தொட்டியிலிருந்த ஒரு கல்லில் பழுப்பாக நாலைந்து மொட்டுகள் முளைத்தன. காலையில் விளக்குப் போட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரியும். அக்கா அதற்குப் பொத்தான் என்றே பெயர் வைத்தாள். வெளிச்சம் அதிகமானால் சுருங்குகிறது என்று கல்லை நிழல் பக்கம் நகர்த்தினாள். இறால் துணுக்கைக் குச்சி நுனியில் வைத்து ஊட்டினாள். கூடப் பிறந்த எனக்குக்கூட இப்படி ஊட்டியதில்லை என்று கேலி செய்தேன்.

பொத்தான்கள் பக்கத்துக் கல்லுக்கும் பரவின. அக்கா போட்டோ எடுத்து அனுப்பினாள். மச்சானிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அது கடல்சாமந்தி மெகரு. களை. விட்டா தொட்டி பூரா புடிச்சிரும். கல்ல வெளிய எடுத்து வெந்நி ஊத்திரு, செத்துரும்.”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பூதக்கண்ணாடியைப் போன் மேல் வைத்துக் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பினாள். “ஏங்க, இது களை மாதிரி தெரியல. நல்லா பாத்துட்டு சொல்லுங்க.”

“பாத்தேன், பாத்தேன். அதேதான்” என்று பதில் வந்தது.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். வெந்நீர் ஊற்றினால் போதாதென்று முதல் கல்லைப் பழைய தேக்சாவில் போட்டுக் கொதிக்கவே வைத்துவிட்டாள். பூனை வருமென்று அடுப்படி ஜன்னலையும் சாத்தியிருந்தாள்.

மத்தியானம் நான் போனபோது நடுங்கிக்கொண்டிருந்தாள். “வாயெல்லாம் கசக்குதுடா உபைது. மூச்சு வுட முடியல.” சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. அதுதான் என்று நினைத்து இன்ஹேலரைக் கொடுத்தேன். சாயங்காலம் உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அக்கா கல்லைக் கொதிக்கவைத்ததைச் சொன்னேன். அந்த ஆவியில் எதைச் சுவாசித்தாள் என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பெயர் தெரியவில்லை. பொத்தான் என்றேன். அவர் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. குவைத்திலிருந்த மச்சானுக்குப் போன் போட்டேன். “வெறும் களை மச்சான், அதுல ஒண்ணும் இல்ல” என்றார்.

மறுநாள், கடலுயிர்ப் பாடம் நடத்தும் ஸ்ரீமதி மேடத்தின் நம்பரை ஒருவர் கொடுத்தார். அக்கா போனிலிருந்த கிட்டத்துப் படத்தை அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் கூப்பிட்டார். “இது ஒரு பவள ஜாதிங்க. உள்ள கடுமையான விஷம் இருக்கும், கொதிச்சா ஆவியோட வந்துரும். இத கொதிக்க வெச்சீங்களா?” மாற்று மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

மூன்றாம் நாள் அக்கா மவுத்தானாள்.

மச்சானுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தார். வந்தவர் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். இரண்டாவது கல்லில் பொத்தான்கள் விரிந்திருந்தன. எனக்கிருந்த கோபத்தில் தொட்டியை உடைத்திருப்பேன். உடைக்கவும் கூடாது என்று ஸ்ரீமதி மேடம் சொல்லியிருந்தார்.

“நான் நல்லா பாத்துட்டுதான் சொன்னேன் மச்சான். களை மாதிரியேதான் இருந்துச்சு. நீயே பாரு” என்று போனை நீட்டினார்.

முதல் படம் தூரத்தில் எடுத்தது. அதில் யாருக்கும் அப்படித்தான் தெரியும். அதன் கீழே இரண்டாவது படம் மங்கலாக, நடுவில் டவுன்லோடு அம்புக்குறியோடு அப்படியே கிடந்தது. அதை அவர் திறக்கவே இல்லை.

நான் அம்புக்குறியைத் தொட்டேன். படம் தெளிந்ததும் போனை அவர் கையில் கொடுத்தேன்.

“இப்ப பாருங்க மச்சான்” என்றேன்.