கேத்தனூர்க் காற்று

ஏழைகளுக்குச் செயற்கைக் கால் வாங்க நிதி திரட்டி, கன்னியாகுமரியிலிருந்து கோவைக்குச் சைக்கிளில் வந்த பதினோரு பேரில் அன்புக்கரசிதான் எப்போதும் கடைசி. மில் தொழிலாளியான அவருக்கு நாற்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு.

கடைசி நாள் கேத்தனூரில் ஆடிக்காற்று முகத்தில் அறைந்தது. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒல்லியான சுரேந்தர் இரண்டு முறை விழப்பார்த்து இறங்கிவிட்டான். மற்றவர்களும் துணைக்கு வந்த வேனைக் கூப்பிடலாமா என்று தயங்கி நின்றார்கள். பின்னால் வந்த அன்புக்கரசி மட்டும் நிற்காமல் அவர்களைத் தாண்டி மிதித்தார்.

"அக்கா, உங்க முதுகுக்குப் பின்னால காத்தே அடிக்கறதில்லீங்க. நாங்களும் வாரோமுங்க!" என்று, மறுபடி ஏறி அவர் பின்னால் ஒட்டிக்கொண்ட சுரேந்தர் கத்தினான்.

"வா கண்ணு, எல்லாரும் ஒட்டி வாங்க."

கோவை வரை பத்துப் பேரும் அவர் பின்னாலேயே வந்தார்கள். தொடை எரிந்தது. ஆனாலும் தனக்கு முன்னால் யாருமே இல்லாத சாலையைப் பார்க்கப் பார்க்க, அன்புக்கரசிக்குச் சிரிப்பாக வந்தது.