பச்சை பாட்டில் மேல் விழுந்த பழி

மைசூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது அரண்மனை அல்ல, பக்கத்து வீட்டு சித்தராஜுதான். ஞாயிறு காலையில் சந்தையிலிருந்து சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் தொங்கும் வலைப்பையில் கத்தரிக்காய், கொத்தமல்லிக்கட்டு, இவற்றோடு ஒரு பீர் பாட்டிலும் இருக்கும். தாளில் சுற்றியிருக்க மாட்டார். எதிரில் பிள்ளைகளின் வாத்தியார் வந்தால் இறங்கி நின்று சாவகாசமாகப் பேசுவார். எங்கள் அந்தியூர்ப் பக்கம் குடிக்காத ஆண்கள் குறைவு, குடிப்பதைக் காட்டிக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு. வேட்டி மடிப்பில் செருகுவதும், பொட்டலமாகச் சுற்றி மஞ்சள் பையின் அடியில் திணிப்பதும்தான் எங்கள் வழக்கம். இங்கே அது காய்கறியோடு காய்கறியாக வீட்டுக்குள் போனது. இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அந்தத் துணிச்சல் மட்டும் வரவில்லை. குடிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

நானும் சித்தராஜுவும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். ஊரில் முருகேசனாக இருந்த நான் இங்கே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் நாளே முருகேஷ் ஆகிவிட்டேன். திருத்தப் பார்த்து அலுத்து, இப்போது முருகேசன் என்று யாராவது கூப்பிட்டால் சற்றுத் தாமதமாகத்தான் திரும்புகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சித்தராஜு வீட்டு மொட்டை மாடியில் ஷிப்டுக்காரர்கள் நாலைந்து பேர் கூடுவோம். காவிரித் தகராறில் பஸ்கள் நின்று, கடைகள் மூடி, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களுக்குப் பிறகு அந்த மாடியில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படி ஒரு தீர்மானம் போடவில்லை, தானாகவே வாய் மூடிக்கொண்டது. அதனால் பீரைப் பற்றிச் சண்டை போட்டோம். அதில் யார் ஜெயித்தாலும் யாருடைய வயலும் காயாது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் சண்டையே கிடையாது. அது கிளிசரின். பீரில் கம்பெனிக்காரன் கிளிசரின் கலக்கிறான், அது உடம்புக்குக் கெடுதல் என்று அங்கேயும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். அதை இறக்க ஒரு முறை உண்டு. டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, திறந்த பாட்டிலின் வாயைக் கட்டை விரலால் அடைத்து, தண்ணீருக்குள் தலைகீழாக நிறுத்த வேண்டும். பாட்டிலிலிருந்து மஞ்சளாக ஏதோ கீழே இழையும். அதுதான் கிளிசரின் என்று எல்லோரும் தலையாட்டுவோம். இறங்கும் அளவுக்குத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறும் என்பதை ஒருவரும் பேச மாட்டோம்.

அந்த வருடங்களில்தான் வெளிநாட்டு பீர் ஒன்று ஊரெங்கும் பேச்சாக இருந்தது. பச்சை பாட்டில், கழுத்தில் தங்கத்தாள். பெரிய ஹோட்டல்களில்தான் கிடைக்கும். யாரைக் கேட்டாலும் குடித்திருந்தார்கள், அல்லது குடித்ததாகச் சொன்னார்கள். இதுதான் பீர், நாம் குடிப்பதெல்லாம் கழுநீர் என்றார் எங்கள் இன்ஜினியர். கேட்டில் நிற்கும் ரிட்டயர்டு ராணுவக்காரர், மிலிட்டரி கேன்டீன் சரக்கின் கால் தூசிக்கு வராது என்றார். சித்தராஜுவுக்கு அது பிடித்திருந்தது. கசப்பு முதலில் தெரியாது, விழுங்கின பிறகு மெதுவாக வரும், பாகற்காய் கொஜ்ஜுக் குழம்பு மாதிரி என்பார். எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது எதையும் வற்புறுத்தாத பீர், எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு கத்திவிட்டு வருகிறவனுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் மாடியில் என்னைக் கேட்டபோதெல்லாம், "நல்லாத்தான் இருக்கு" என்றேன். திட்டினவரிடமும் அதையே சொன்னேன், புகழ்ந்தவரிடமும் அதையே சொன்னேன். வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கு எல்லாப் பேச்சிலும் பாதி ஆமாம் போட்டுப் பழகிவிடுகிறது. நாளாவட்டத்தில் அது பெரிய அலுப்பு.

என் மகள் சுமதிக்கு அந்தியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பம், பையன் படித்தவன். என் மனைவி சரஸ்வதி அந்தச் சம்பந்தத்தின் மேல் உயிரையே வைத்திருந்தாள். பெண் ஊருக்குப் போய்விட்டால் நமக்கும் ஊரில் ஒரு வாசல் திறக்கும் என்பாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைப்பானேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மாவும், தாய்மாமன் பழனிச்சாமியும், சித்தப்பாவும் பெண் பார்க்க வந்தார்கள். மாநில எல்லையில், பாலாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திப் பையையெல்லாம் கொட்டிப் பார்த்தார்களாம். அந்த எரிச்சலோடுதான் இறங்கினார் பழனிச்சாமி. இறங்கியதுமே என் காதைக் கடித்தார்.

"ஏனுங்க, இங்க அந்த ஃபாரின் பீரு கெடைக்குமாமா?"

சித்தராஜுவிடம் சொன்னதுதான் தாமதம், தன் சகலை வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு ஓடி நாலு பாட்டில் வாங்கிவந்து தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் அவர் மாடிக்குப் போனோம். பழனிச்சாமி முதல் வேலையாகத் தண்ணீர் கேட்டார். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினார். மஞ்சள் இழை இறங்கியது.

"பாத்தீங்களா! வெள்ளக்காரனும் இதத்தான் கலக்கறான்."

நிதானமாக இறக்கி முடித்து, ஊற்றி, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, தண்ணியாட்டம் இருக்குது? இதுக்கா இத்தன பேச்சு?"

சித்தப்பா பாட்டிலைக் கவிழ்க்காமல் குடித்தார். "தண்ணியா? நெலவேம்புக் கசாயமாட்டம் கசக்குதுங்க மச்சான்" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவன் நான். நல்லாத்தான் இருக்குதுங்க என்றேன்.

சித்தராஜு கடலை எடுத்துவரக் கீழே போனார். அவர் தலை மறைந்ததும் பழனிச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"புள்ள தங்கமான புள்ளைங்க. கொறையொண்ணுமில்ல. ஆனா பேச்சு நம்ம பேச்சா இல்லீங்களே. ஸ்வல்ப போடட்டுமாங்குது, ஆமேலே வரேங்குது. எங்கக்கா பேந்தப் பேந்த முழிக்குது. நாளைக்கு அந்த ஊட்ல யாருகூட என்ன பேசிப் பொழைக்கும்?"

"கொஞ்சம், அப்புறம்ங்கறதத்தான் அப்படிச் சொல்றா. தமிழ்தானுங்க பேசறா" என்றேன்.

"தமிழுதானுங்க. ஆனா அக்கம்பக்கத்துல கன்னடத்துப் புள்ளைய எடுத்துட்டாங்கன்னு சொல்லீருவாங்க."

இங்கே சாமான் வாங்கப் போனால் நான் தமிழன். காவிரித் தகராறில் கதவைச் சாத்தினபோது அவளும் தமிழச்சியாகத்தான் உள்ளே உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்குப் போகாமல். அதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பாதி ஆமாம் போட்டுப் பழகின வாய்.

அப்போது சித்தராஜு, காங்கிரஸ் கடலை என்று இங்கே சொல்லும் மசாலா வேர்க்கடலைத் தட்டோடு மேலே வந்தார். நிறைந்தே இருந்த டம்ளர்களைப் பார்த்தார், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பீர் சரியில்லையா? கூலிங் கம்மி ஆச்சு. தப்பு என்து முருகேஷ் அவரே" என்று பதறிவிட்டார். பழனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினார். "சார், கோபம் மாட வேணாம். லோக்கல் இருக்கு, ஸ்ட்ராங்கு, இப்பவே தரேன். சுமதி நம்ம வீட்டு பொண்ணு சார், நம்ம வீட்லயே வளந்தது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டுப் பழனிச்சாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதுதானுங்க சங்கடமே என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். சித்தராஜு அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு பாட்டில் எடுக்க ஓடினார். நான் அவரைத் தடுக்கவில்லை.

வேண்டாம் என்ற செய்தி அந்த வாரமே போனில் வந்தது. எங்களுக்கு ஊர் போன் வருவது சித்தராஜு வீட்டுக்குத்தான். அவர் குடும்பம் மொத்தமும் டி.வி.யைச் சின்னதாக வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஊரிலிருந்து பேசிய என் அக்காவிடம், "செரி, உடுங்க, உடுங்க" என்று கத்தினேன். வைத்ததும் சித்தராஜு தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பாழாய்ப்போன பீரால்தான் கெட்டது என்றார். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். தொழிற்சாலையில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இன்ஜினியர் நம்பவில்லை, ராணுவக்காரர் உடனே நம்பினார். ஒரு கல்யாணத்தையே கெடுத்த பீர் என்று அதற்குப் புதிதாக ஓர் அபிப்பிராயம் சேர்ந்துகொண்டது. என்னால் மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் வீட்டில் உங்கள் பெண்களோடு சோறு தின்று அவள் கற்ற பேச்சுதான் எங்கள் ஊருக்கு ஆகவில்லை என்று அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும். அதைவிட பீர் மேல் பழி இருந்துவிட்டுப் போகட்டும்.

போன் பேசிவிட்டு வெளியே வந்தேன். அவர் வீட்டுச் சுவருக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. எனக்கு முன்னாலேயே செய்தி ஓடியிருந்தது. எங்கள் சமையலறை ஜன்னலில் சரஸ்வதி நின்றாள். "எம் புள்ளகிட்ட என்னங்க கொறை கண்டாங்க? சொல்லுங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுபக்கத்து ஜன்னலுக்குள் சுமதியும் சித்தராஜுவின் பெண்களும் கன்னடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பீருக்காகப் பெண் வேண்டாம் என்றவர்களைப் பற்றித்தான் சிரிப்பு. தப்பித்தேன், அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும் என்றாள் சுமதி. பெண் அழவில்லையே என்று நிம்மதியாக இருந்தது. அவள் சிரித்தது தாங்கவும் முடியவில்லை. சரஸ்வதிக்கு உண்மையைச் சொன்னால் சுமதி இருக்கும் எதிர் ஜன்னலுக்குக் கேட்டுவிடும், பீர்தான் என்று சொன்னால் அவளுக்கு ஆறாது. இரண்டு பக்கமும் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் புரிந்துகொண்டு, எந்தப் பக்கமும் வாய் திறக்காமல், சந்திலேயே நின்றிருந்தேன்.